பத்து வரை எண்ணுகிறவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எந்த இடத்தில் எந்த 'ர' வரும் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாங்காய்ப் பெட்டிகளின் மேல் ரகத்தின் பெயரையும் போய்ச் சேர வேண்டிய ஊரையும் எழுதுவதுதான் இத்தனை வருடமாக என் எழுத்து. படிக்கிறவர்கள் தப்பைத் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுத வந்தது ஒரு டீச்சரைப் பற்றி. கேரள எல்லைக்குள் இருக்கிற முதலமடையில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவர் வாடகைக்கு இருந்தார். உண்மையில் அப்போது அவர் டீச்சர் இல்லை. படிக்கவும் எழுதவும் திணறுகிற பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் டீச்சராவதற்கான பயிற்சியில் இருந்தார். நாங்கள் முன்கூட்டியே டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். பின்னாலும் அவர் டீச்சர் ஆகவில்லை. அதற்குக் காரணம் நான். அவர் பெயரை இதில் எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை கிடையாது.

ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மாமியார் வீட்டார் இரண்டு வருடம்தான் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் முடித்துச் சான்றிதழோடு வர வேண்டும், இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லாமலே வர வேண்டும் என்று பேச்சு. பயிற்சி நிலையம் பஸ்ஸில் போகிற தூரம். எங்கள் தெருவில் வாடகை குறைவு என்று இங்கே வந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரிடமாவது ஒன்று கேட்டால், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். வலது கையைச் சேலை மடிப்புக்குள் வைத்து ஒவ்வொரு விரலாக மடக்குவார். வலது கை முடிந்தால் இடது கை. பத்து முடிகிறவரை அவர் பேச மாட்டார். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முறைப்பு கிடையாது. நமக்குள்ளிருந்து ஏதோ வரப்போகிறது என்று நம்பி நிற்கிற மாதிரி இருக்கும்.

முனையில் இருக்கும் பாய் கடையில்தான் இதை முதலில் கவனித்தேன்.

"இந்த அரிசி சோறு குழையுமா பாய்?"

"அருமையான அரிசிம்மா. கண்ண மூடிட்டு வாங்கிட்டுப் போங்க."

டீச்சர் விரல்களை மடக்கினார். பார்த்துக்கொண்டே நின்றார். பாய் தராசைத் துடைத்தார். சர்க்கரை டப்பாவை நகர்த்தி வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"கொஞ்சம் குழையும்."

"சரி, அரைக் கிலோ மட்டும் போடுங்க."

"ஏம்மா, போலீஸ்காரன் லத்தி வெச்சுட்டு நின்னாக்கூட நான் ஒண்ணு ரெண்டு பொய் சொல்லிருவேன். நீங்க சும்மா நிக்கிறீங்க, வாயில இருந்து தானா வந்துருதே!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

எதற்காக எண்ணுகிறார் என்பதை ஒருநாள் அவரே சொன்னார். மாங்காய் தரம் பிரிக்கும் எங்கள் கொட்டகைக்கு வந்திருந்தார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அடிபட்ட காய் ஒரு கூடை வேண்டும் என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்று என் கையைப் பார்த்தார்.

"காயைத் திருப்பிக்கூடப் பார்க்காம ரெண்டு பக்கமும் போடுதீங்களே, எப்படிண்ணே தெரியும் எது விளைஞ்சதுன்னு?"

நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவன் இல்லை. யாராவது கேள்வி கேட்டால் பதிலை யோசிப்பதற்குள் அவர்களே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. டீச்சர் போகவில்லை. விரல்கள் மடங்கிக்கொண்டிருந்தன. ஆறோ ஏழோ ஆனபோது என் வாய் திறந்துகொண்டது.

"காம்புப் பக்கம் தோள் எந்திரிச்சிருக்கோணுங்க. தோள் எறங்கியிருந்தா பிஞ்சுங்க. அப்புறம் கனம். ஒரே அளவு காய்தானுங்க, ஆனா வெளஞ்சது கையில உக்காருமுங்க. பிஞ்சு உக்காராதுங்க."

அப்படி ஆரம்பித்தவன், எந்த ரகம் எத்தனை நாள் தாங்கும், லாரியில் எந்த அடுக்கில் வைத்தால் அழுகும் என்று அரை மணி நேரம் பேசிவிட்டேன். என் முதலாளியே எட்டிப் பார்த்து, "இவனுக்குப் பேசத் தெரியுமா?" என்றார்.

டீச்சர் சொன்னார்: "ட்ரெய்னிங்ல மொத நாளே சொன்னாங்கண்ணே. பிள்ளைகிட்ட ஒண்ணு கேட்டா பத்து எண்ணுற வரைக்கும் வாயத் திறக்காத. அது உள்ள போய் பதிலைத் தேடிட்டு இருக்கும். நீ குறுக்க பேசினா தேடுறத விட்டுட்டு ஓடி வந்துரும். என் தம்பி எட்டாங்கிளாஸோட நின்னுட்டான். அவனுக்கு ஒருத்தர்கூட ரெண்டு எண்ணினது இல்ல."

அவர் எல்லோருக்கும் இனிமையானவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருநாள் எங்கள் வீட்டில் என் மகள் நித்யாவிடம் என்னவோ கேட்டார். அவள் யோசிக்கும்போதே என் மனைவி பதில் சொல்லிவிட்டாள். டீச்சர் திரும்பிப் பார்த்து, "ஒங்களக் கேக்கல. வாய மூடிட்டு இருங்க" என்றார். அதுவும் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, என் மனைவி போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு. அவர் போன பிறகு, "என்ற ஊட்டுல வந்து என்னையவே வாய மூடுங்கிறா" என்று அவள் இரண்டு நாள் புலம்பினாள்.

நித்யாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பு. அவளை மலையாளத்தில் படிக்கப் போட்டிருந்தோம். தமிழில் படித்தால் நாளைக்கு இங்கே வேலைக்கு எழுத முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு வரியைப் படிப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிடும். எழுத்துகள் நகர்ந்து போகின்றன என்பாள். நோட்டு முழுக்கச் சிவப்பு மை. சோம்பேறி என்றார் வகுப்பு டீச்சர். தலைமையாசிரியர் வேறு சொன்னார். புத்தி வளர்ச்சியிலேயே குறை இருக்கும், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தனிப் பள்ளியில் சேர்ப்பதுதான் நல்லது என்றார்.

பயிற்சியில் இருப்பவர்கள் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் கற்பித்து, சோதித்து, அதைப் பற்றி ஒரு கோப்பு எழுத வேண்டும். அந்தக் கோப்பு தேறினால்தான் சான்றிதழ். நித்யாவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று டீச்சர் எங்களிடம் கேட்டார்.

"என்ற புள்ளயப் பைத்தியம்னு எழுதிப்போட்டுச் சர்டிபிகேட் வாங்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி.

டீச்சர் பத்து எண்ணினார்.

"பேரப் போடாம எழுதறதுன்னா எழுதுங்க" என்று முடித்தாள் அவள்.

ஒரு வருடம் தினமும் சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில் பாடம் நடந்தது. தட்டில் மணல் பரப்பி அதில் விரலால் எழுத்து. ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நடுவில் வெட்டிய அட்டை. அதைப் புத்தகத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டும். என் அடிபட்ட மாங்காய்களை வைத்துக் கூட்டலும் கழித்தலும். ஒரு வரி முடிகிறவரை டீச்சர் எழுந்திருக்க மாட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அப்படித்தான்.

அந்த வருடத்தின் நடுவில் ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு இரண்டு தாள்களைக் காட்டினார். புத்தியை அளக்கும் கேள்விகள். பயிற்சி நிலையத்தில் கொடுத்தவை, எல்லாம் மலையாளத்தில், அதுவும் புத்தக மலையாளத்தில். நித்யா பாதிக்கு மேல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பத்து என்ன, நூறு எண்ணினாலும் பதில் இல்லை. அதே கேள்விகளைத் தமிழில் மாற்றி இன்னொரு நாள் கேட்டிருக்கிறார்.

"நெல்லு காயப்போட்டுருக்கு, மழை வாரமாதிரி இருக்கு, என்ன செய்வேன்னு கேட்டேன். அதுக்கு ஒங்க மக என்ன சொன்னா தெரியுமா? நெல்லு எங்களோடதா, அடுத்தவங்களோடதான்னு என்னையே திருப்பிக் கேக்கா!"

அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணே, இவளுக்கு எழுத்தப் படிக்கிறதுல மட்டும் ஒரு தடங்கல் இருக்கு. புத்தி நல்லா இருக்கு. தனிப் பள்ளி சில பிள்ளைகளுக்கு வேணும். அதுல ஒரு கேவலமும் இல்ல. ஆனா இவளுக்கு அது வேண்டாம். இப்ப இருக்குற கிளாஸ்லயே வச்சு, தினமும் ஒரு மணி நேரம் தனியா சொல்லிக்குடுத்தா போதும். நான் கோப்புல அப்படித்தான் எழுதுதேன். வீட்டு மொழி தமிழ், அதனால தமிழ்ல சோதிச்சேன்னு எழுதுதேன்."

நான் தலையை ஆட்டினேன். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்று அப்போது என்னிடம் இருந்தது. சொல்லவில்லை.

நித்யாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, தாய்மொழி என்ற இடத்தில் நான் மலையாளம் என்று சொல்லியிருந்தேன். கொட்டகையில் கூட வேலை செய்தவன் சொல்லிக்கொடுத்தது அது. "தமிழ்னு சொல்லிப்போடாதீங்க. பாண்டிக்காரன் புள்ளைன்னு கடைசிப் பெஞ்சுல உக்கார வெச்சிருவாங்க." நான் மட்டும் செய்த காரியம் இல்லை இது. எல்லையில் இருக்கிற எங்களுக்கு ஆபீஸ் வாசலை மிதித்தாலே நாக்கு மலையாளத்துக்கு மாறிக்கொள்ளும். ரேஷன் கடையோ வில்லேஜ் ஆபீஸோ, எங்கே போனாலும் அப்படித்தான். லாரிக்காரர்களோடு பேசிப் பேசி எனக்கு மலையாளம் நன்றாகவே வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கோப்பைச் சோதிக்கப் பயிற்சி நிலையத்திலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் மாசி மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சீசன் உச்சத்தில் இருந்தது. அரை நாள் லீவு கேட்டு, கையில் மாம்பால் கறையோடு போனேன். பள்ளிக்கூட வாசலில் டீச்சர் சொன்னார்:

"வீட்டுல என்ன பேசுவீங்கன்னு கேப்பாங்கண்ணே. உள்ளதச் சொல்லுங்க, அது போதும். அவளுக்கும் போதும், எனக்கும் போதும்."

"சரிங்க டீச்சர்."

உள்ளே தலைமையாசிரியர், மேற்பார்வையாளர், டீச்சர், நான், என் பக்கத்தில் நித்யா. மேஜைமேல் டீச்சரின் கோப்பு இருந்தது. அதன் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. என் கையெழுத்து இருந்த பக்கம். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

கோப்பில் தமிழ் என்று இருக்கிறது, பதிவேட்டில் மலையாளம் என்று இருக்கிறது, எது சரி என்று மேற்பார்வையாளர் கேட்டார். டீச்சர் அந்தப் பக்கத்தை அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனாலும் இவர்கள் தமிழ்க்காரர்கள்தான், தெருவே தமிழ் பேசுகிறது என்று உறுதியாகச் சொன்னார். தெரு பேசுவது எனக்கு வேண்டாம், தகப்பன் சொல்லட்டும் என்று மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார்.

"வீட்டில் ஏதாணு பாஷ?"

வீட்டில் எந்த மொழி என்று மலையாளத்தில் கேட்டார். நானும் மலையாளத்தில் சொன்னேன்.

"மலையாளம் தன்னெ சாரே."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம். டீச்சர் அதற்கு இடம் கொடுத்தார். கோபப்படவில்லை. என் பக்கம் நாற்காலியைத் திருப்பி, "அண்ணே, ஒங்க வீட்டுல என்ன பேசுவீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையை மேஜைமேல் வைத்து விரல்களை மடக்க ஆரம்பித்தார். மேற்பார்வையாளர் ஏதோ சொல்ல வந்தார். டீச்சர் அவரைக் கவனிக்கவில்லை. நான் பதிவேட்டைப் பார்த்தேன். பொய் எழுதிக்கொடுத்தாயா என்று கேட்பார்கள். எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். பிள்ளையின் பெயரையே வெட்டிவிட்டால் என்ன செய்வது? அப்படியெல்லாம் வெட்ட மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பத்து முடிந்தது. டீச்சர் மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தார். யாருக்கும் அவர் இரண்டாம் முறை எண்ணி நான் பார்த்ததில்லை.

நித்யா என் சட்டையை இழுத்தாள். "ஏனுங்கப்பா பொய் சொல்றீங்க?" என்றாள், தமிழில், அந்த அறை முழுவதும் கேட்கும்படி.

மேற்பார்வையாளர் சிரித்தார். "ஆகா, குட்டிக்குத் தமிழும் அறியாமல்லோ. மிடுக்கி!" என்றார். பிள்ளைக்குத் தமிழும் தெரியுமே, கெட்டிக்காரி என்று அர்த்தம். அந்தக் கெட்டிக்காரிக்குப் புத்தி வளர்ச்சி போதாது என்று அடுத்த நிமிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மலையாளத் தாளில் வாங்கிய மதிப்பெண்தான் கணக்கு. தமிழில் செய்த சோதனை செல்லாது. வீட்டு மொழியைத் தப்பாகக் காட்டியதால் டீச்சரின் கோப்பும் செல்லாது. வேறு பிள்ளையை வைத்து இன்னொரு வருடம் செய்து வரட்டும் என்றார்.

இன்னொரு வருடம் அவருக்கு இல்லை. அவரைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு வர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் எதிர்வீட்டு வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். நான் போய்ப் படியில் நின்றேன். நானாகவே பேசினேன்.

"டீச்சருங்க, ஒண்ணாங்கிளாஸுல சேர்த்தறப்ப நான்தானுங்க மலையாளம்னு சொன்னேன். மாத்திச் சொல்றதுக்குப் பயமாப் போச்சுங்க."

"அத ஒரு வருஷமா ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. கையைப் பார்த்தேன். விரல்கள் விரிந்தே இருந்தன. ஜீப் வந்து சாக்குகளை ஏற்றும்வரை நான் படியிலேயே நின்றேன். அவர் என்னைத் தாண்டித் தாண்டித்தான் சாமான்களை எடுத்துப் போனார். பாய் தன் கடையிலிருந்து வந்து சாக்குகளை ஏற்றக் கை கொடுத்தார். டீச்சர் அவரிடம் மட்டும் வாரேன் என்று சொன்னார்.

எஸ்டேட்டுக்குத் திரும்பிப் போய்க் கொழுந்து பறிக்கிறார் என்று பின்னால் ஒரு லாரி டிரைவர் சொன்னார். அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் போய்ப் பார்க்க வேண்டி வரும்.

நித்யாவைத் தனிப் பள்ளிக்கு மாற்றினார்கள். வீட்டுக்கே வேன் வரும். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், பிள்ளைகளை அடிப்பதில்லை. சட்டைக்குப் பொத்தான் போடவும் பல் விளக்கவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இவை இரண்டும் அவளுக்கு மூன்று வயதிலேயே தெரியும். முதல் வருடம் வந்து வந்து அழுதாள். அப்புறம் அழுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. பதினெட்டு வயதில் அதுவும் முடிந்தது. இப்போது என்னோடு கொட்டகைக்கு வருகிறாள். காயைத் தரம் பிரிப்பதில் என்னைவிட வேகம். பில் வந்தால் மட்டும் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவாள்.

போன வாரம், புத்தி வளர்ச்சி போதாது என்று நித்யாவுக்குக் கொடுத்த சான்றிதழைப் புதுப்பிப்பதற்காக ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். பழைய தாளைப் பார்த்துப் புதிய தாளில் எழுதிக்கொண்டே போனார். வீட்டு மொழி என்ற இடம் வந்தது. என்னைக் கேட்கவே இல்லை. மலையாளம் என்று அவராகவே எழுதிக்கொண்டார். நித்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள். நான் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அந்தப் பெண்ணிடம் மலையாளத்தில் கேட்டேன்.

அவர் போன பிறகு, "நீங்க இன்னைக்காவது சொல்லுவீங்கன்னு பார்த்தனுங்கப்பா" என்றாள் நித்யா.

அந்தப் பெண் உட்கார்ந்த நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டேன்.

"போகுது உடுங்க. இனிச் சொல்லி என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள்.

ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். இதை யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். நித்யா பிறந்த நாளிலிருந்து நாங்கள் எங்களுக்குள் வேறு மொழி பேசியதில்லை. டீச்சர் கோப்பில் எழுதியது முழுக்க உண்மை. பொய் சொன்னவன் நான்.

ஐப்பசி மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை.